வேட்டைக்கரட்டில் ஓடியவள்

தெப்பக்குளம், மதுரை
14 ஜூலை 2025

ஜெயா,

உன் போனில் என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். உதவி இயக்குநர் விஜய்ஆனந்தின் போனிலிருந்து அழைத்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாய். உன் அண்ணன் அழகுபாண்டியோ, "இன்னொரு வாட்டி கூப்பிட்டீகன்னா நேர்லயே வந்துருவேன்" என்கிறார். தபால்காரரையாவது வாசலில் விடுவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நம் 'வேட்டைக்கரடு' படம் வெள்ளிக்கிழமை வெளியானது. நீ வரவில்லை. கதாநாயகி எங்கே என்று கேட்டவர்களிடம் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கல்குவாரியில் கணக்கு எழுதும் பெண் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள், குவாரி ஆட்கள் இரண்டு வேட்டை நாய்களோடு அவளை மலைக்குள் துரத்துகிறார்கள், பாட்டு கிடையாது, காதல் கிடையாது, கடைசிவரை துரத்தல்தான் என்று நான் கதை சொன்னபோது எத்தனை பேர் சிரித்தார்கள்! அவர்களெல்லாம் நேற்று தியேட்டருக்கு வந்திருக்க வேண்டும்.

நான் கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரோடு நின்று, திரைக்குப் பதிலாக ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பாறை இடுக்கில் துப்பட்டாவை நனைத்துப் பிழிந்து குடிக்கும்போது ஒரு வரிசை முழுக்கத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள். செல்லூரிலிருந்து கூட்டமாக வந்திருந்த பெண்களில் ஒருவர் எழுந்து நின்று, "மேல ஏறாத தாயி! எடப்பக்கம் பள்ளம் இருக்குல்ல, அங்கிட்டு எறங்கு!" என்று கத்தினார். ஒரு மணி நேரத்தில் அந்த மலை அவருக்குப் பழகிய தெருவாகிவிட்டது. அப்புறம் அந்த நாய்க் காட்சி. பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது. யாருடைய வளையலோ அசைகிற சத்தம் எனக்குக் கேட்டது. அம்புட்டு அமைதி.

அந்தக் காட்சியைப் பற்றி ஒரு யூடியூப் பேட்டியில் கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். நீயும் பார்த்திருப்பாய். கோபப்படாதே, அது உனக்கும் பெருமைதான். அடுத்த வாரம் சனிக்கிழமை, 26-ஆம் தேதி, திண்டுக்கல் தியேட்டர்களுக்குப் போகிறோம். வண்டி அனுப்புகிறேன். வந்துவிடு.

அன்புடன்,
கார்த்திகேஷ்


அலங்காநல்லூர்
19 ஜூலை 2025

இயக்குநர் கார்த்திகேஷ் அவர்களுக்கு,

என் பெயர் ஜெயக்கொடி. ஜெயா என்று கூப்பிடும் உரிமை உங்களுக்கு இனி இல்லை. நீ என்றும் வேண்டாம். நானும் உங்களை அண்ணே என்று கூப்பிட்டதை நிறுத்திக்கொள்கிறேன்.

போனில் பேசினால் பதிவு செய்து அடுத்த பேட்டியில் போடுவீர்கள். தாளில் எழுதினால் என் வார்த்தை என் கையெழுத்தோடு இருக்கும். அதனால்தான் பதில்.

பேட்டியைப் பார்த்தேன். "அந்தப் பொண்ணுக்குப் பயம் நடிக்க வரல. அதான் அதுக்கிட்டச் சொல்லாம நாயை அவுத்து விடச் சொன்னேன். ஸ்க்ரீன்ல நீங்க பாக்குறது நிஜப் பயம்." சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பேட்டி எடுத்தவர் கை தட்டினார்.

நடந்ததை நானும் சொல்கிறேன். பொழுது சாய்கிற நேரம். நாய் வளர்க்கும் கருத்தக்கண்ணன் அண்ணன் இரண்டு நாயையும் கயிற்றில் பிடித்திருப்பார், நான் வெறும் பாறையைப் பார்த்து நடிக்க வேண்டும் என்றுதான் ஒத்திகை. நீங்கள் அவர் காதில் ஏதோ சொன்னீர்கள். அவர் தலையை ஆட்டி மறுத்ததைப் பார்த்தேன். நீங்கள் சத்தம் போட்டீர்கள். அடுத்து எனக்கு நினைவிருப்பது ஆஸ்பத்திரி விளக்கு. வலது கெண்டைக்காலில் தையல். அதற்குப் பிறகு ஊசி மேல் ஊசி. இன்றைக்கும் எங்கள் தெரு முனையில் நாய் படுத்திருந்தால் நான் பால் வாங்கப் போவதில்லை, அண்ணன்தான் போகிறான்.

கல்லூரியில் நாடகம் படித்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். இப்போது என்ன ஆகிவிட்டது தெரியுமா? போன வாரம் வேறோர் இயக்குநர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதையில் கிணற்றில் விழும் காட்சி. என்னிடம் பேசவே இல்லை. அண்ணனைத் தனியே கூப்பிட்டு, "கார்த்திகேஷ் சொன்னாரு, பாப்பாவுக்குத் தானா வராதாம். சொல்லாமலே தள்ளி விட்டுரலாமா? கீழ ஆள் நிப்பாங்க" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அவரை வாசலோடு அனுப்பிவிட்டான். நாளைக்கு வருகிறவர்கள் அண்ணனைக் கேட்கக்கூட மாட்டார்கள்.

அந்தக் காட்சியைப் படத்திலிருந்து எடுங்கள். எனக்கு நடிக்க வராது என்று சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். திண்டுக்கல்லுக்கு வண்டி வேண்டாம்.

ஜெயக்கொடி


தெப்பக்குளம், மதுரை
23 ஜூலை 2025

ஜெயக்கொடி,

முழுப்பெயர் எழுதிவிட்டேன், போதுமா? நீ, நீங்கள் எல்லாம் என் வாயில் அவ்வளவு சீக்கிரம் மாறாது.

என் முதல் படம் உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இடைவேளையில் தியேட்டர் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். டீ குடிக்க வெளியே வந்தவர்கள் அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். திரும்பி உள்ளே போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். எங்கள் வீட்டில் எல்லாரும் ஜவுளிக்கடை. அன்றைக்கு என் சித்தப்பா எங்கள் வீட்டு மொழியில் ஒன்று சொன்னார். தமிழில் எழுதினால், கடைக்கு வந்தவர் சேலை எடுக்காமல் போனால் குற்றம் சேலையில் இல்லை, விரித்துக் காட்டியவனிடம் என்று வரும். இனி ஒரு ஆள்கூட எழுந்து போகக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தேன்.

துரத்தல் படத்தின் உயிர் ஓட்டத்தில் இல்லை. துரத்துகிறவனைக் காட்டக் காட்டப் பயம் குறையும். ஓடுகிறவளின் முகத்தில்தான் எல்லாம். அந்த முகம் பொய்யென்று ஒரு நொடி தோன்றிவிட்டால் மொத்த அரங்கமும் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஒத்திகையில் நீ செய்தது நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் பிரச்சினை. நான் வேறொன்றைத் தேடினேன்.

நாய் கடிக்கும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்தில் ஓடி வந்து நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் கம்பெனி பார்த்தது. பிறகும் இதையே பேசிக்கொண்டிருப்பது நியாயமா?

நீ இன்னும் படத்தையே பார்க்கவில்லை. பார்க்காமல் காட்சியை எடு என்கிறாய். ஒருமுறை ஜனங்களோடு உட்கார்ந்து பார், அப்புறம் திட்டு.

அடுத்த படத்துக்கு வேலை தொடங்கிவிட்டேன். வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படும் பெண்ணின் கதை. இந்துப்ரியா என்று ஒரு புதுப் பெண். நீச்சல் தெரியாது. தெரியாததும் நல்லதுக்குத்தான்.

கார்த்திகேஷ்


அலங்காநல்லூர்
31 ஜூலை 2025

இயக்குநர் அவர்களுக்கு,

பார்த்துவிட்டேன். என்னோடு நாடகம் படித்த மீனாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, முகத்தில் மாஸ்க்கும் தலையில் துப்பட்டாவுமாக மதுரையில் பகல் காட்சிக்குப் போனேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மா. பாண்டியம்மாள் என்று பெயர் சொன்னார். படம் தொடங்கும் முன்பே முறுக்கை உடைத்துப் பாதியை என் கையில் வைத்தார்.

உண்மையைச் சொல்ல வேண்டும், உங்களுக்குப் படம் எடுக்கத் தெரிந்திருக்கிறது. நான் ஓடிய மலைதான், இருந்தும் அடுத்த வளைவில் என்ன வரும் என்று எனக்கே தெரியாதது போல் இருந்தது. என்னைத்தான் துரத்துகிறார்கள் என்பதையே மறந்து அந்தப் பெண்ணுக்காகப் பயந்தேன்.

நாய்க் காட்சி நெருங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அந்தச் சாயங்காலத்தைத் திரும்பப் பார்க்க என்னால் முடியாது. பாண்டியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகம் பதிந்தது. "ஓடிரு, ஓடிரு" என்று என் காதுக்குள்ளேயே முனகினார். அவர் பிடித்த பிடியில்தான் கண்ணைத் திறந்தேன்.

திரையில் இருந்தது அந்தச் சாயங்காலம் இல்லை.

நாயை அவிழ்த்துவிட்டபோது வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. படத்தில் முகத்தில் அடிக்கிறது. அது காலை வெயில். வலது காலில் பேன்ட் புடைத்துக்கொண்டிருக்கிறது, உள்ளே கட்டு. அது மறுநாள் எடுத்தது. மலையில் படம் எடுக்க அனுமதி அன்றோடு முடிகிறது, "தூரத்துல இருந்து ஒரே ஒரு ஷாட், நின்னுட்டு ஓடுனா போதும்" என்று ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கூட்டிப் போனீர்களே, அது. கருத்தக்கண்ணன் அண்ணன் நாய்களோடு முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டார். நான் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்காக விஜய்ஆனந்த் பாறைக்குப் பின்னால் நின்று ஒரு சிவப்புத் துண்டை ஆட்டினார். நான் அந்தத் துண்டைப் பார்த்து நடித்தேன். முதலில் மூச்சை நிறுத்தினேன். கண்ணை எடுக்காமல், கையால் பின்னால் மண்ணைத் தடவிக் கல் தேடினேன். கல் கிடைக்காத பிறகுதான் காலை எடுத்தேன். ஒவ்வொன்றும் யோசித்துச் செய்தது. தூர ஷாட் என்று பொய் சொல்லிவிட்டு முகத்தைக் கிட்டத்தில் எடுத்திருக்கிறீர்கள்.

அப்படியென்றால் முந்தின நாள் சாயங்காலம் நான் என்னதான் செய்தேன்? எனக்கு நினைவில்லை. கருத்தக்கண்ணன் அண்ணன் வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"நீ எங்கிட்டு தாயி ஓடுன? அப்புடியே உக்காந்துட்ட. மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. தூங்குற புள்ள கணக்கா இருந்துச்சு. நாய் கவ்வுன பொறகும் சத்தமே வரல. டைரக்டரு அந்த டிவிப் பெட்டியப் பாத்துட்டு, ஒண்ணும் தேறலன்னு தலையில அடிச்சுக்கிட்டாரு. நாந்தான் நாயப் பிரிச்சேன்."

நிஜமாகப் பயந்தால் மனிதருக்கு அப்படித்தான் ஆகும் போலிருக்கிறது. அது உங்கள் படத்துக்கு உதவவில்லை. குப்பையில் போட்டுவிட்டு, நான் நடித்ததை வைத்துக்கொண்டீர்கள். பிறகு ஊரெல்லாம் போய், அவளுக்கு நடிக்க வராது, நாயை விட்டேன், நிஜப் பயம் என்கிறீர்கள். படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்த உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

வெளியே வரும்போது பாண்டியம்மாள் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தப் புள்ளைய நெசமாவே நாய விட்டு வெரட்டுனாகளாம். அதான் மூஞ்சி அப்புடிப் போகுது. நடிப்பா இருந்தா இம்புட்டு வராது." என் மணிக்கட்டில் அவர் நகக்குறி அப்படியே இருந்தது.

காட்சியை எடுக்க வேண்டாம். அது என்னுடையது, ஓடட்டும். ஆனால் நாய் இல்லாமல் எடுத்தது என்று நீங்களே வெளியில் சொல்ல வேண்டும். இந்துப்ரியாவைத் தண்ணீரில் இறக்கும் முன் சொல்ல வேண்டும்.

ஜெயக்கொடி


தெப்பக்குளம், மதுரை
5 ஆகஸ்ட் 2025

திருமதி/செல்வி ஜெயக்கொடி அவர்களுக்கு,

எந்த டேக்கைப் பயன்படுத்துவது என்பது இயக்குநரின் முடிவு. அதை நடிகர்களுக்கு விளக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை.

படத்தைப் பற்றிப் பொதுவெளியில் பாதகமாகப் பேசமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். வக்கீலிடம் காட்டிவிட்டேன். நாய்க் கதையைக் கேட்டுத்தான் பாதிப் பேர் இரண்டாம் முறை வருகிறார்கள். ஒரு சிவப்புத் துண்டைப் பார்த்தா நாம் நடுங்கினோம் என்று தெரிந்துகொள்ள யாருக்கும் ஆசை இருக்காது. அவர்களுக்குக் கிடைத்ததைப் பிடுங்குவதால் உங்களுக்கு என்ன லாபம்?

29-ஆம் தேதி ஐம்பதாவது நாள் விழா, அதே தியேட்டரில். விளம்பர நிகழ்ச்சிகளுக்கு வருவது உங்கள் கடமை, அதுவும் ஒப்பந்தத்தில் இருக்கிறது. வாருங்கள், கேடயம் வாங்குங்கள், நன்றி சொல்லுங்கள், போங்கள்.

கு. கார்த்திகேஷ்


அலங்காநல்லூர்
9 ஆகஸ்ட் 2025

வருகிறேன். அண்ணனும் வருவான்.

இந்துப்ரியாவை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

ஜெயக்கொடி


தெப்பக்குளம், மதுரை
7 செப்டம்பர் 2025

ஜெயக்கொடி அவர்களுக்கு,

உங்களுக்குத் திருப்தியா?

படத்தைப் பற்றிப் பாதகமாக ஒரு வார்த்தை பேசவில்லை என்று என் வக்கீலே சொல்கிறார். உங்கள் சொந்தக் காலைப் பற்றித்தான் பேசினீர்களாம். நன்றாகத்தான் யோசித்து வந்திருக்கிறீர்கள்.

கேடயத்தைக் கொடுத்தார்கள். தொகுப்பாளர் நாய்க் காட்சியைப் பற்றிக் கேட்பார் என்பது உங்களுக்குத் தெரியும். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னீர்கள். "அன்னைக்கு நாய் என்னையக் கடிச்சது நெசம். ஆனா நீங்க படத்துல பாக்குறது அது இல்ல. மறுநாக் காலையில நாயே இல்லாம நான் நடிச்சது." மேலே பால்கனியிலிருந்து ஒருவன், "கதை விடாத தாயி!" என்றான். விசில். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் என் பக்கம் என்று நினைத்தேன்.

நீங்கள் மைக்கை மேசையில் வைத்தீர்கள். நடுப்பாதையின் கடைசியில், கதவோரம், எதையோ பார்த்தீர்கள். சிரிப்பு கொஞ்ச நேரம் ஓடிற்று. பிறகு முன்வரிசையில் நின்றது, பிறகு நடுவில், பிறகு பால்கனியில். உங்கள் பார்வை பாதையோடு முன்னால் வந்தது. மெதுவாக, ஒரு வரிசை, ஒரு வரிசையாக. உங்கள் கை பின்னால் மேசையைத் தடவியது. மொத்த அரங்கமும் கழுத்தைத் திருப்பி அந்த வெறும் தரையைப் பார்த்தது. பாதையோரம் இருந்தவர்கள் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா இரண்டு காலையும் தூக்கி இருக்கை மேல் வைத்தார்.

நானும் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை என்று அந்த அரங்கத்தில் யாரைவிடவும் எனக்குத் தெரியும். இருந்தும் பார்த்தேன். என் கை நாற்காலியைப் பிடித்திருந்தது.

"அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள். அப்புறம் எழுந்த கைதட்டலை என் இரண்டு படங்களுக்கும் சேர்த்து நான் கேட்டதில்லை.

இப்போது என் நிலைமை. தொலைக்காட்சியில் என்னை 'நாயை விட்ட இயக்குநர்' என்கிறார்கள். இதே பட்டத்தை ஜூலையில் பாராட்டாகச் சொன்னவர்கள்தான். இயக்குநர் சங்கத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். இந்துப்ரியா மறுநாளே தன் அப்பாவோடு வந்து, "நான் நீச்சல் கத்துக்கிற வரைக்கும் ஷூட்டிங் வேணாம் சார். ஆத்துல எறங்குற சீனுக்கு டூப் போடுங்க. எழுதிக் குடுத்தா வாரேன்" என்றாள். எழுதித் தரமாட்டேன் என்றேன். போய்விட்டாள். தயாரிப்பாளர் அவள் சொல்வதுதான் சரி என்கிறார். என் படத்தை நானே எடுக்க முடியாத இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. எதிர்பார்க்கவும் வேண்டாம். எனக்கு இரண்டு விஷயம்.

ஒன்று, வெள்ளப் படத்தில் நீங்கள் நடிக்க வேண்டும். இடுப்பளவுக்கு மேல் தண்ணீர் இருக்காது. எல்லாம் எழுதித் தருகிறேன். உங்கள் அண்ணன் தினமும் கூட இருக்கலாம்.

இரண்டு, ஒரு கேள்வி. மேடையில் நீங்கள் செய்தது நடிப்பா? இல்லை, அந்தச் சாயங்காலம் உங்களுக்குள் திரும்ப வந்ததா? ஒரு வாரமாக வேறெதையும் யோசிக்க முடியவில்லை. நடிப்பு என்றால் இத்தனை வருடமும் நான் தேடியது தப்பான இடம். நினைவு என்றால் நான் செய்தது வீண் போகவில்லை. எது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கார்த்திகேஷ்


அலங்காநல்லூர்
13 செப்டம்பர் 2025

இயக்குநர் அவர்களுக்கு,

நடிக்க மாட்டேன். இடுப்பளவு, முழங்காலளவு, எந்த அளவும் வேண்டாம். தண்ணீரைப் பற்றி எழுதித் தருகிறவர் இந்துப்ரியா கேட்டபோதே எழுதியிருக்கலாம்.

அந்தப் பெண் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து அண்ணன்தான் பைக்கில் கூட்டி வந்தான். அவளும் உங்கள் கேள்வியைத்தான் கேட்டாள். "எப்படிக்கா செஞ்சீங்க? பயம் எங்கிட்டு இருந்து வந்துச்சு?" மாட்டுக் கொட்டத்துக்கு முன்னால் உள்ள வெட்டவெளியில் மத்தியானம் முழுக்க இரண்டு பேரும் செய்து பார்த்தோம். முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பொழுது இறங்குவதற்குள் அவள் ஒரு முறை வைக்கோல் படப்பின் பக்கம் பார்த்தாள். அண்ணன் கையிலிருந்த தண்ணீர் வாளியைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடினான். அங்கே கோழிகூட இல்லை.

நான் இன்னும் தெரு முனைக்குத் தனியாகப் போவதில்லை. அது நீங்கள் செய்தது. அது மாறுமா என்று தெரியவில்லை. நீங்கள் செய்தது வீணா இல்லையா என்று கணக்குப் பார்க்க என் காலைத் தர முடியாது.

மேடையில் செய்தது நடிப்பா நினைவா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியும். இந்துப்ரியாவுக்குச் சொன்னேன்.

உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஜெயக்கொடி